பொம்பளை ஏறினால் சூடாகும் வண்டி

என் தம்பி மகன் வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளுக்கு ரேடியேட்டர் இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் நடுவில் கொசுவலை அடித்த சின்ன ஜன்னல் மாதிரி ஒன்று நிற்கிறதே, அதுதான். ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியைக் கழுவக் கொண்டுபோகிறான். அங்கே ஒருவன் பெரிய குழாயைப் பிடித்துக்கொண்டு, கலவரத்தை அடக்க வந்தவன் போல அந்த வலைமேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறான். அதில் இருக்கும் தகடுகள் காகிதம் போல மெல்லியவை. பீய்ச்சினால் மடங்கிவிடும். மடங்கினால் காற்று போகாது. இதைச் சொன்னேன். "எல்லாம் தெரியும் அத்தை" என்றான். எல்லாம் தெரிந்தவனுக்குச் சொல்ல நான் யார்?

உங்களுக்காவது சொல்கிறேன். ரேடியேட்டரில் மந்திரம் ஒன்றும் இல்லை. என்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூட்டில் பாதிகூட வண்டியை ஓட்டப் பயன்படாது, மிச்சம் உள்ளேயே நின்று இரும்பை வேகவைக்கும். என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டை மூட்டை தூக்குகிற ஆள் மாதிரி சுமந்துகொண்டு வெளியே வருகிறது. வலைக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில் ஓடும்போது எதிர்க்காற்றில் அதை இறக்கிவிட்டு, அடுத்த மூட்டைக்குத் திரும்பிப் போகிறது. இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வலையில் சேறும் பூச்சியும் அடைத்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றக் கூடாது; அதில் பருப்பே வேகாது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உப்பு அந்தக் குழாய்க்குள்ளும் படியும். அதற்கென்று கடையில் விற்கிற பச்சை நிறக் கூலன்ட்டை ஊற்ற வேண்டும், காலாகாலத்தில் மாற்ற வேண்டும். கொதிக்கிற வண்டியின் மூடியைத் திறக்கக் கூடாது. திறக்கிறவனுக்கு மூஞ்சி வேண்டாம் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் இருந்த வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது. அதற்குப் பதிலாக என் அம்மா இருந்தாள். வண்டியின் சூட்டையெல்லாம் அவள் தலைமேல்தான் இறக்கினார்கள்.

அப்பா புளித் தரகர். காரிமங்கலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவில் எங்கள் ஊர். மாசி, பங்குனியில் ஊர் ஊராகப் போய், மரத்தில் இருக்கும்போதே புளியைப் பேசி முடித்து, காயவைத்து, கொட்டை எடுத்து, மொரப்பூர் ஸ்டேஷனுக்கு ஏற்றி அனுப்புவது தொழில். சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த சமயத்தில் அவருக்கும் ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். வீட்டில் இருந்த ஒரு ஜோடி மாட்டை விற்று, மிலிட்டரி ஏலத்தில் வந்து இரண்டு கை மாறிய ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிவந்தார். அது வரும் சத்தம் தெரு முனையில் கேட்டால் கோழிகள் கூரை ஏறும். எங்கள் ஊர்க் கோழிகளுக்கு அப்பாவிடம் இருந்த மரியாதை வேறு யாரிடமும் இல்லை.

அந்த மாதிரி வண்டியில் தண்ணீருக்கு இடமே இல்லை. எதிர்க்காற்றேதான் அதைக் குளிரவைக்க வேண்டும். அதற்காக என்ஜினைச் சுற்றித் தகடு தகடாக மடிப்புகள் வார்த்திருப்பார்கள். ஏன் மடிப்பு என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கேழ்வரகுக் களியை உருண்டையாக வைத்தால் மத்தியானம் வரை உள்ளே சூடாக இருக்கும். அதையே தட்டில் பரப்பி வைத்தால் ஊதி முடிப்பதற்குள் ஆறிவிடும். காற்று படுகிற இடம் அதிகமானால் சூடு சீக்கிரம் போகும். மடிப்புக்கு மடிப்பு இடைவெளி விட்டிருப்பது அழகுக்காக இல்லை, அந்தச் சந்துக்குள் காற்று நுழைந்து வெளியேறுவதற்காக.

அப்பாவுக்கு அந்தச் சந்தைப் பார்த்தால் வேறு ஒன்று தோன்றியது. மாட்டை விற்றுவிட்டு வண்டி வாங்கியவர் இல்லையா, மாட்டுக்குச் செய்ய வேண்டிய அத்தனை சடங்கையும் வண்டிக்குச் செய்தார். முதல் மாட்டுப் பொங்கலன்று வண்டியைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொங்கலை வாழை இலையில் எடுத்து ஹெட்லைட்டுக்கு முன்னால் நீட்டினார். அது சாப்பிடவில்லை. பிறகு கொம்புக்கு அடிக்கப் பெயிண்ட் வாங்கிவந்தார். வண்டிக்கு ஏது கொம்பு? கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் மடிப்புகளுக்கு அடித்தார், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஊரே வந்து பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அதிலிருந்து வருடம் தவறாமல் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பூச்சு. பழையதைச் சுரண்டுகிற வழக்கம் மாட்டுக் கொம்புக்கே எங்கள் ஊரில் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் பளபளப்புக்கு விளக்கெண்ணெய் வேறு தடவினார். எங்கள் பக்கத்துச் சாலையில் சிவந்த புழுதிக்குப் பஞ்சமா? எண்ணெயில் புழுதி ஒட்டியது, புழுதிமேல் பெயிண்ட் ஏறியது, பெயிண்ட்மேல் மறுபடியும் எண்ணெய். நான்கைந்து பொங்கலில் சந்தெல்லாம் தூர்ந்து போனது. எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. கம்பளி போர்த்தி வெயிலில் நிறுத்தியது போல அந்த என்ஜின் வெந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்கு இரண்டு தம்பிகள். ஏரியூர்ப் பக்கம் அவள் பிறந்த வீடு. எங்கள் வழக்கத்தில் தாலியின் மூன்று முடிச்சில் மாப்பிள்ளைக்கு முதல் முடிச்சுதான். மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் பின்னால் நின்று போட வேண்டும். அம்மா ஒருத்திதான் பெண். பெரிய மாமா கல்யாணத்துக்கு அப்பா அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று, மாட்டு வண்டிக்கு வழிவிடுகிற வேகத்தில் ஓட்டியிருக்கிறார். காற்றும் இல்லை, சந்தும் இல்லை, இரட்டைப் பாரம் வேறு. பென்னாகரம் தாண்டி ஒரு மேட்டில் என்ஜின் பிடித்துக்கொண்டது. சூட்டில் உள்ளே இருக்கும் பிஸ்டன் பெருத்து, சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டால் அப்படித்தான் ஆகும், ஆறினால்தான் விடும். பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போய் நடு ரோட்டில் நின்றது.

ஆடு மேய்ப்பவர்கள், வேலிக்கு முள் வெட்டியவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அத்தனை பேருக்கு முன்னால் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"தனியா நான் எத்தன நாளு இந்த மேட்ட ஏறியிருக்கறன்! ஒரு நாளு நின்னுதா? பொம்பள ஏறுனா, அதான்."

கூடியிருந்தவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்களாம். அவள் பஸ் பிடித்து பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இரண்டு முடிச்சையும் போட்டு முடித்திருந்தாள். நான் முந்தின நாளே அங்கே போயிருந்தேன். பட்டுச் சேலையில் புழுதியோடு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றதை நான் பார்த்தேன். அழவில்லை. "சாப்பிட்டியா?" என்று என்னைக் கேட்டாள்.

அதன் பிறகு அப்பா அவளை வண்டியில் ஏற்றவே இல்லை. சரி, பஸ்ஸில் போகிறேன் என்றால், "பொம்பள தனியா பஸ்ஸுல போறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டன்?" என்பார். வண்டியிலும் கூடாது, பஸ்ஸிலும் கூடாது என்றால் பறந்துதான் போக வேண்டும். பிறந்த வீட்டை அவள் வருடக்கணக்கில் பார்க்கவில்லை. அங்கிருந்து யாராவது காரிமங்கலம் சந்தைக்கு வந்தால் சொல்லியனுப்பி, தெருமுனையில் நின்று பேசிவிட்டு வருவாள்.

பொய்க்கு எங்கள் பக்கத்தில் நல்ல விளைச்சல். கொஞ்ச நாளிலேயே அது ஊர்ச் சாஸ்திரமானது. பக்கத்துத் தெருவில் ஸ்கூட்டர் வைத்திருந்தவரும் பெண்டாட்டியை நடக்கவிட்டார். தருமபுரி மெக்கானிக்கிடம் அப்பா கேட்டபோது அந்த மகானுபாவர் யோசித்துப் பார்த்து, "ஆமாங்க, லேடீஸ் ஒரு பக்கமா உக்காருவாங்க இல்லீங்களா, அதுல பேலன்ஸ் போயி என்ஜின் சூடாவுங்க" என்றாராம். புளிச் சாக்கை ஏற்றினாலும்தான் வண்டி சூடாகிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். அதற்கு அப்பா, "சாக்கு ஏத்துனா வர்ற சூடு வேற. பொம்பள ஏறுனா வர்ற சூடு வேற" என்றார். சூட்டில் இரண்டு வகை உண்டு என்று எனக்குப் பாடம் நடத்திய யாரும் சொல்லித்தரவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவர் நிஜமாகவே அதை நம்பினார். பஸ் டிரைவர்கள் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, தானும் வழியில் வண்டியை நிறுத்தி, தூக்குப் போசியில் கொண்டுபோன தண்ணீரை என்ஜின் தலையில் கவிழ்ப்பார். பஸ்ஸில் தண்ணீர் ரேடியேட்டருக்கு உள்ளே போகிறது. இங்கே கொதிக்கிற இரும்புக்கு வெளியே விழுந்தது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சீறும், ஆவி பறக்கும், அப்பாவுக்குத் திருப்தி. ஒரு தடவை மடிப்பின் ஓரம் ஒன்று கண்ணாடி மாதிரித் தெறித்து விழுந்தது. சூடான இரும்பைத் திடீரென்று குளிரவைத்தால் வெடிக்கும். அதற்கு முந்தின நாள் அம்மா வண்டிமேல் சேலையைக் காயப்போட்டிருந்தாள். காரணம் அதுவாகிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சின்ன மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் படிப்பு முடித்து, பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ். அம்மாவுக்கு இனி வேறு தம்பி இல்லை. இந்த இரண்டு முடிச்சும் தவறினால் அவளுக்கு வாழ்க்கையில் வேறு முடிச்சு கிடையாது. பத்திரிகை வந்த நாளிலிருந்து அவள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே முகூர்த்தம். முந்தின நாளே போகலாம் என்றால், அன்றுதான் புளி லோடு ஏறுகிறது. கொட்டை எடுக்கிற பெண்கள் வாசல் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் களி கிண்டவே அம்மா ஒருத்தி போதாது. விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் பந்தி முடிகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேரும்.

"நீங்க எப்படிங்க போறீங்க?" என்று அம்மா அப்பாவைக் கேட்டாள்.

"நான் வண்டியில போயிருவன். மாப்பிள்ள நானே போவலன்னா நல்லாவா இருக்கும்?"

அவள் தம்பி கல்யாணத்துக்கு அவர் போகிறார். அவள் புளிக்குக் காவல் இருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சங்கடம்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கரண்டியை எறிந்தேன். அது யார்மேலும் படாமல் புளிக் குவியலில் போய் விழுந்தது.

லோடு நாளன்று எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அப்பா லாரியோடு மொரப்பூருக்குப் போய்விட்டார். ஆத்திரம் தீராமல் நான் போய் வண்டியைப் பார்த்து ஓர் உதை விட்டேன். என் கால்தான் வலித்தது. ஆனால் என்ஜினிலிருந்து எதுவோ உதிர்ந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பத்தை. சிவப்பு, மண், பச்சை, மண், மறுபடி சிவப்பு என்று அடுக்கடுக்காக இருந்தது. அது விழுந்த இடத்தில் இருண்ட சந்து ஒன்று திறந்திருந்தது. நாலு நாளைக்கு முன்னால்தான் வகுப்பில் களியைப் பரப்பி ஆறவைக்கிற பாடம் நடத்தியிருந்தேன். இதே வண்டியைத் தினமும் பார்த்துக்கொண்டு! என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"அம்மா! இங்க வாம்மா!" என்று கத்தினேன்.

அவள் களிக் கையோடு ஓடிவந்தாள். பத்தையை அவள் உள்ளங்கையில் வைத்து, சந்தைக் காட்டி, காற்று நுழைய வேண்டிய இடம் இது, இதை அடைத்து வைத்ததால்தான் வண்டி வேகிறது என்று சொன்னேன். அவள் சந்தைப் பார்த்தாள், பத்தையைப் பார்த்தாள்.

"வூட்டுல வேலையெல்லாம் அப்பிடியே கெடக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அவள் போனது மண்ணெண்ணெய் எடுக்க. திரும்பி வரும்போது மண்ணெண்ணெய் டப்பா, அரிவாள்மனை, விளக்குமாற்றுக் குச்சி, கிழிந்த சாக்கு எல்லாம் கையில் இருந்தன. கொட்டை எடுக்கிற பெண்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் மண்ணெண்ணெயில் ஊறவைத்து இளக்கினேன். அவள் சுரண்டினாள். நான் சுரண்டியது வேறு, அவள் சுரண்டியது வேறு. அத்தனை வருடக் கோபம் எனக்கு ஏது? ஒவ்வொரு சந்திலும் குச்சியை விட்டுக் குடைந்து, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போனாள்.

நடுவில் ஒரு தடவை கையை நிறுத்தினாள்.

"இத்தன வருசமா என் தலையில போட்டது இந்தக் கருமமா?" என்றாள். அவள் அதை என்னைக் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்தபோது வண்டி உரித்த கோழியாக நின்றிருந்தது. மடிப்புகள் வெறும் சாம்பல் நிறம்.

"அடிப்பாவிங்களா! வண்டிய அம்மணமாக்கிட்டீங்களே! லட்சுமி போயிருமே!" என்று தலையில் கை வைத்தார்.

நான் காற்று, சந்து, களி என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. என் விளக்கத்தை அம்மாவும் கேட்கவில்லை. அவள் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். அப்படி நின்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"நாளைக்கு நானு வண்டியில வருவன். வழியில நின்னுதுன்னா நடந்தே திரும்பி வந்துர்றன். அப்புறம் ஏரியூருன்னு வாயத் தொறக்க மாட்டன்."

"நானுந்தான் வருவன்" என்றேன்.

"ரெண்டு பொம்பளையா?" என்று அப்பா உட்கார்ந்துவிட்டார்.

கோழி கூப்பிடும் நேரத்துக்குக் கிளம்பினோம். அப்பா, அவருக்குப் பின்னால் ஒருக்களித்து அம்மா, அவளுக்குப் பின்னால் கேரியர் கம்பியில் நான். அம்மா மடியில் சீர்த்தட்டு. ஹேண்டில்பாரில் அப்பாவின் தண்ணீர்ப் போசி. தருமபுரி வரைக்கும் ஒரு குறையும் இல்லை, என் இடுப்பைத் தவிர. அதற்கு அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. தொல்லை வண்டியில் இல்லை, ஓட்டியவரிடம் இருந்தது. புளியமரத்துக்குப் புளியமரம் நிறுத்தி, கீழே குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"சுடுது!"

"சுடத்தான் செய்யும் அப்பா. அடுப்பு சுட்டா தப்பா? சூடு வெளிய போவாம உள்ளயே நின்னாத்தான் தப்பு. நீங்க நிறுத்தாதீங்க, நின்னா காத்து இல்ல!"

"உனக்கென்னா தெரியும்? நானு பத்து வருசமா ஓட்டறன்."

அவர் பத்து வருடமாக ஓட்டிய லட்சணம்தான் தெரிகிறதே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிழக்கே வெளுத்துவிட்டது. பென்னாகரம் தாண்டி அந்த மேட்டுக்குக் கீழே வந்ததும் மறுபடி நிறுத்தினார். ஆறட்டும் என்றார். மேட்டையே வெறித்துப் பார்த்தார். நின்றுபோய்விடுமோ என்ற பயமா, நிற்காமல் போய்விடுமோ என்ற பயமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. போசியை எடுத்து, மூடியைத் திறந்து, என்ஜினுக்கு மேலே சாய்க்கப் போனார்.

அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். அண்ணாந்து, வளையல் கையால் வாயை மறைக்கக்கூட இல்லாமல், மடக்கு மடக்கென்று குடித்தாள். மிச்சத்தை என்னிடம் கொடுத்தாள். நானும் குடித்தேன். ஒரு சொட்டு இல்லாமல் போசியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"தாகமா இருந்துச்சுங்க" என்றாள். "வண்டிய எடுங்க."

எடுத்தார். மேட்டில் பழைய பழக்கத்துக்கு மெதுவாக உருட்டப் பார்த்தார். நான் பின்னாலிருந்து, "முறுக்குங்க அப்பா! வேகந்தான் காத்து!" என்று கத்தினேன். அம்மா சீர்த்தட்டை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அப்பாவின் தோளை இறுக்கிப் பிடித்தாள். நாலு பேர் பார்க்கிற ரோட்டில் அவள் அவரைத் தொட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. என்ஜின் உறுமிக்கொண்டு ஏறியது. மேட்டின் உச்சியைத் தாண்டியபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஊருக்குள் நுழையும்போதே மேளம் வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. வண்டி நிற்பதற்குள் அம்மா குதித்துவிட்டாள். சீர்த்தட்டு என்னிடம் வந்தது. கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு மணவறைக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கே அதே ஒன்றுவிட்ட தங்கை தயாராக நின்றிருந்தாள். "நகரு" என்றாள் அம்மா. அவ்வளவுதான். சின்ன மாமா முதல் முடிச்சைப் போட்டார். அம்மா மற்ற இரண்டையும் போட்டாள். நகக்கண்ணில் பச்சைப் பெயிண்ட் போகாமல் இருந்தது. அவள் இழுத்து இறுக்கிய வேகத்தில் புதுப்பெண் தலையைக் குனிந்தபடியே, "அண்ணி, கழுத்து" என்று முனகினாள்.

பந்தியில் அப்பாவுக்குத் தலைவாழை இலை. சுற்றிலும் ஆட்கள். ரெண்டு பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டை எப்படி ஏறினீர்கள் என்று யாரோ கேட்டார்கள். நான் சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்றேன். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"அது ஒரு கணக்கு" என்றார் அப்பா, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டு. "ஒரு பொம்பள ஏறுனாத்தான் சூடாவும். ரெண்டு பொம்பள ஏறுனா, ஒருத்தி சூட்ட இன்னொருத்தி எடுத்துருவா."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. இலைக்கு இலை அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஒருவர், "இருக்குமுங்க, இருக்குமுங்க" என்றார். அப்பளக் கூடையோடு எனக்குப் பின்னால் வந்த அம்மாவும் அதைக் கேட்டாள். அவர் இலையில் அப்பளம் வைத்தாள்.

மத்தியானம் அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டு, "ஏறுங்க ரெண்டு பேரும்" என்றார்.

"நீங்க போங்க" என்றாள் அம்மா. "நாங்க ரெண்டு நாளு இருந்துட்டு பஸ்ஸுல வர்றம்."

அவர் வாயைத் திறந்தார். பிறந்த வீட்டு வாசலில் மச்சான்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். மூடிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் நான்கு நாளாகி, அப்புறம்தான் பஸ் ஏறினோம். அந்தக் காலத்து பஸ்ஸில் பெண்களுக்கு முன்னால்தான் இடம், டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் பெட்டியை ஒட்டி. காலை வைக்க முடியாத சூடு. வழியில் ஒரு மேடு ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்தது. டிரைவர் பஸ்ஸை ஓரம்கட்டி இறங்கினார். அவர் அவசரப்படவில்லை. ஒரு பீடி முடிகிற வரைக்கும் ஆறவிட்டார். பிறகு ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்தார். கிளீனர் தண்ணீர் கொண்டுவரப் போனான்.

அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏம்பா" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "பொம்பளைங்க முன்னாடி உக்காந்திருக்கறதாலயா சூடாவுது?"

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் செய்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"அதெப்புடிங்க ஆத்தா? என்ஜின்னா சூடாவுந்தாங்க. மேடு ஏறுதில்லீங்களா?"

"அப்ப எங்களால இல்லியா?"

"உங்களால என்னாங்க ஆவப் போவுது? நீங்க பாட்டுக்கு நல்லா உக்காருங்க."

அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பத்தையைக் கையில் கொடுத்துக் காட்டியிருந்தேன். அவளே ஒவ்வொரு சந்தாகக் குடைந்து வெளிச்சம் பார்த்திருந்தாள். அத்தனையும் போதவில்லை. ஓர் ஆம்பளை வாயிலிருந்து ஒரு தடவை கேட்க வேண்டியிருந்தது அவளுக்கு. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. டிரைவர் தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பஸ் மேட்டை ஏறத் தொடங்கியது. அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, பென்னாகரம் வரும்வரை அழுதாள்.